நூறு காட்டிய பிறகும்

அவர் தூத்துக்குடியில் மின்சார டாக்சி ஓட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருப்பார். அப்பாவைக் கண் ஆபரேஷனுக்குத் திருநெல்வேலி அழைத்துப் போவதற்காக, திரேஸ்புரத்தில் இருந்த அந்த டிரைவர் வீட்டுக்கே போனோம். கார் வாசலில் சார்ஜில் நின்றது. திரையில் நூறு என்றிருந்தது.

“கிளம்பலாமா?” என்றேன்.

“அரை மணி நேரம் பொறுங்க அண்ணாச்சி. நூறு காட்டுனாலும் பேட்டரிக்குள்ள செல்லெல்லாம் ஒரே மட்டத்துக்கு வரணும். வாரத்துக்கு ஒருதடவ இப்படி மெதுவா ஏத்திருவேன்.”

“டாக்டர் காத்திருக்காரு. நூறுக்கு மேல என்னய்யா இருக்கு?” என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

“முன்னால நானும் பாஸ்ட் சார்ஜ் போட்டு, பாதியில கழத்திட்டு ஓடுதவன்தான். வீட்டுக்காரிக்குப் பிரசவ வலி வந்து திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனேன். திரையில இருபது காட்டுச்சு. ஆனா சில செல்லு முன்னாடியே தீந்துபோச்சு. வல்லநாடு தாண்டி வண்டி அப்படியே நின்னுட்டு. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாச்சு. அவ பிழைச்சிட்டா. பிள்ளைதான் தங்கல.”

அப்பா என் கையை அழுத்தினார். “இருக்கட்டும்லே. கண்ணு எங்கயும் போயிராது,” என்றார்.

அரை மணி கழித்து அவர் சார்ஜரைக் கழற்றி, அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றினார். ஆஸ்பத்திரிக்குச் சற்றுப் பிந்தித்தான் போனோம். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது.

போகிற வழியில் வல்லநாட்டைத் தாண்டியபோது அவர் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அன்று நின்றுபோனதும் இதே கார்தானா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.