லண்டன் படகில் சாக்ஸோடு

மியூசியம் பார்ப்பது முழுநேர வேலை. கால் கடுக்க நிற்கணும், பார்த்ததை எழுதணும், வாயை மட்டும் திறக்கக் கூடாது. வாத்தியார் குடைக்குப் பின்னால் வரிசையாக நடந்த சக கைதிகளே, இது உங்களுக்காகத்தான். அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கிய குற்றத்துக்காக எங்களை லண்டனுக்குக் கூட்டிப்போய், நாளுக்கு ஒரு மியூசியத்துக்குள் தள்ளினார்கள்.

தள்ளியவர் செல்வம் சார், இராமநாதபுரத்துக்காரர். எதைச் சொன்னாலும் கடைசியில் “என்ன, புரியுதா” போடுவார். நான் தங்கச்சிமடம், பதினொன்றாம் வகுப்பு. கேட்ட குரலெல்லாம் என் தொண்டையில் குடியேறிவிடும். காலி பண்ணச் சொன்னாலும் போகாது.

காதுக்குள் சார்

முதல் மியூசியத்தில் ஆளுக்கொரு ஹெட்போன் தந்தார்கள். மண்டபம் ஊர்க்காரி ஆயிஷாவுடையது வேலை செய்யவில்லை. தோழி சும்மா நிற்பதா? நீராவி இயந்திரத்துக்கு முன்னால் அவள் காதோரம் நானே ஹெட்போன் ஆனேன். சார் குரலில்தான். “இது நீராவி இயந்திரம். தண்ணி கொதிச்சா ஆவி வரும். நீங்க பாத்ரூம் போனா பஸ் போயிரும். என்ன, புரியுதா.” ஆயிஷா சிரிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற சாரைப் பார்த்தபடி விறைத்து நின்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லணும். கடைசி நாள் சனிக்கிழமை, நாங்கள் ஒவ்வொருவரும் பார்த்த ஒரு பொருளைப் பற்றி மேடையில் இரண்டு நிமிடம் பேசணும், வீட்டில் வீடியோ காலில் பார்ப்பார்கள். என் அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். சனிக்கிழமை அவருக்குக் கடலுக்குப் போகிற நாள். எனக்காகப் போகாமல் கரையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். சாருக்கும் இது தெரியும். அதனால்தான் நிதானமாகச் சொன்னார்: “இன்னொரு தடவ உம்மேல புகார் வந்துச்சு, சனிக்கிழம மேடையில நீ கிடையாது. என்ன, புரியுதா.”

கனிவான கவனத்திற்கு

அடுத்த மியூசியத்தில் கைப்பிடியைச் சுற்றினால் தூக்கிக்கொள்ளும் ரயில் பாலம், மாதிரி வடிவம்தான். மற்றவர்கள் வாய் பிளந்தார்கள். பாம்பன் தூக்குப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துப் போட்டிகளுக்குப் போகிற எங்களுக்குக் கொட்டாவி வந்தது. சார் அடுத்த அறையில் இருந்த தைரியத்தில் ஸ்டேஷன் அறிவிப்பு அம்மாவாக மாறினேன். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு…” தமிழில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை.

ஒரு வெள்ளைக்காரப் பொடியன் நம்பிவிட்டான். தண்டவாளத்தையே பார்த்து நின்றவன், ரயில் எப்போது வரும் என்று ஆயிஷாவிடம் கேட்டான். அவள் அவனுக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் திரும்பினாள்: “ஏ புள்ள, பாம்பன் பாலம் மூடிக் கெடந்தப்ப நம்ம ஊர்க்காரவுங்க கேட்ட மாதிரியே கேக்குறான்.”

வாசலில் ஷூ

மூன்றாவது மியூசியத்தில் நிஜமான பழைய மீன்பிடிப் படகு. ஏறிப் பார்க்கலாம். அதைப் பற்றித்தான் பேசுவது என்று பார்த்ததுமே முடிவு செய்தேன். ஏணிக்குக் கீழே ஷூவைக் கழற்றினேன். யோசித்துச் செய்யவில்லை. எங்கள் ஊரில் படகில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை, கை தானாகப் போய்விட்டது. பின்னால் வந்த ஜோடி ஒன்று, அதுதான் அங்கே விதி என்று நினைத்துத் தானும் கழற்றியது. அதைப் பார்த்து அடுத்தவர்கள். கொஞ்ச நேரத்தில் ஏணியடி கோயில் திருவிழா வாசல் மாதிரி ஆனது.

காவலர் ஓடிவந்தார். சார் அவரையும் முந்தினார். “ஷூவ மாட்டு. மானத்த வாங்காத.”

“மாட்ட மாட்டேன் சார். படகு சார் அது.” இது யார் குரலும் இல்லை, என் குரல்.

“அப்ப சனிக்கிழமய மறந்துரு.”

கரையில் காத்திருக்கப்போகிற அப்பா நினைவுக்கு வந்தார். ஷூவை மட்டும் தொடவில்லை. காவலர் என்ன விஷயம் என்று கேட்டார், ஆயிஷா விளக்கினாள். அவர் விதிப்பலகையை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது, தமிழில் இப்படி: “வெறுங்கால் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. சாக்ஸ் போட்டிருக்கியே, ஏறு.”

சனிக்கிழமை

மேடை கிடையாது என்றதால், மற்றவர்கள் பேசுவதைப் போனில் பிடித்துக் காட்டும் வேலையைச் சார் எனக்குத் தந்தார். ஒவ்வொருவராகப் பேசி முடித்தார்கள். போனுக்குள் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையோடு, பின்னால் படகுத்துறை. எஞ்சின் சத்தத்திலேயே வாழ்கிறவர், மெதுவாகப் பேசத் தெரியாது. அரங்கம் முழுக்கக் கேட்டது. “என்னத்தா, ஒன் மொற எப்ப?”

“இல்லப்பா. படகுல ஏறையில ஷூவக் கழட்டிட்டேன், அதான்.”

“கழட்டாம பின்ன?”

ஆயிஷா எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். சார் என்னைப் பார்க்காமல், போனில் தெரிந்த அந்தச் சட்டையைப் பார்த்தபடியே சொன்னார்: “ரெண்டே நிமிஷம். ஒன் கொரல்ல மட்டும் பேசணும். என்ன, புரியுதா.”

படகைப் பற்றி இரண்டு நிமிடமும் என் குரலில்தான் பேசினேன், நன்றி சொல்லும்போது மட்டும் சார் குரலில் “என்ன, புரியுதா” என்று முடித்தேன். லண்டன் மியூசியங்களில் எதையெதைத் தொடக்கூடாது என்று மூலைக்கு மூலை பலகை வைத்திருக்கிறார்கள், யார் குரலைத் தொடக்கூடாது என்று ஒன்றுகூட இல்லை.