செஸ்டர் கோர்ஸ்கியின் வாய்முகூர்த்தம்

பஃபலோ நகரத்தில், கைசர்டவுன் பக்கம் வந்து செஸ்டர் கோர்ஸ்கி வீடு எது என்று கேட்டால் நான்கு பேர் முழிப்பார்கள். 'தோத்துடுவோம் செட்' வீடு எது என்று கேளுங்கள், கிளின்டன் தெருவே திரண்டு வந்து வழி காட்டும். ஐம்பத்தெட்டு வயது ஆள். எஃகு ஆலையை இழுத்து மூடும்வரை அங்கே உலையடியில் வெந்தான். மூடியபிறகு தெருவில் பனி வாரும் வண்டி ஓட்டினான். வெந்ததும் உறைந்ததும் போதாதென்று எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ரசிகனாகவும் இருந்தான். அதைவிடப் பெரிய தண்டனை அந்தக் காலத்தில் வேறு எதுவும் கிடையாது.

அந்தப் பெயர் வந்தது ஒரு அற்ப விஷயத்தில். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, நார்ப்பின் மதுக்கடையில் உட்கார்ந்து எல்லோரையும்போல அவனும் மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தான். ஒரு முள் ஈறில் குத்திவிட்டது. அந்த நேரம் பார்த்து நார்ப், "செட், ஞாயித்துக்கிழமை யாரு ஜெயிப்பா?" என்று கேட்டான். "நாமளா? கிழிச்சோம்! தோத்துடுவோம் போ!" என்று செஸ்டர் எரிந்து விழுந்தான். அந்த ஞாயிறு ஜெயித்தோம். அடுத்த வாரமும் விளையாட்டாகக் கேட்டார்கள், அதையே சொன்னான், மறுபடியும் ஜெயித்தோம். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அக்கா மகள் கல்யாணத்துக்காக அவன் கிளீவ்லாந்து போன வாரம் சொல்ல ஆளில்லாமல் தோற்றதும், நார்ப் கல்யாண மண்டபத்துக்கே போன் போட்டுத் திட்டினான்.

எங்கள் ஜனங்களுக்கு இது புதிதல்ல. நல்லதை வாய்விட்டுச் சொன்னால் அது கெட்டுப்போகும் என்று போலந்திலிருந்து கப்பலேறி வந்தபோதே மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்த பயம் அது. தப்பித் தவறிச் சொல்லிவிட்டால் உடனே சாயம் பூசாத மரத்தைத் தேடிப்போய் இரண்டு தட்டு தட்டவேண்டும். சாயம் பூசிய மரம் செல்லாது. மேசையின் அடிப்பக்கம், நாற்காலியின் அடிப்பக்கம் என்று குனிந்து குனிந்தே பாதிப் பேருக்கு இடுப்பு போயிற்று. செஸ்டர் அந்த வம்பே வேண்டாமென்று, எதையுமே தலைகீழாகச் சொல்லப் பழகிக்கொண்டான்.

வீட்டிலும் அதே கதைதான். அவன் மனைவி டெல்ஃபின் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வெண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கி அவள் பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டை வைத்தால், "இதை மனுஷன் தின்பானா?" என்று கேட்டுக்கொண்டே மூன்று தட்டுக் காலி செய்வான். கல்யாணப் பேச்சே அப்படித்தான் நடந்தது. மாதா கோயில் கூடத்தில் நடனத்துக்கு நடுவே, "நீ எப்படியும் என்னைக் கட்டிக்க மாட்டே" என்றான். "ஆமா, மாட்டேன். தேதி என்னைக்கு வெச்சுக்கலாம்?" என்று கேட்டாள் அவள். முப்பத்தொரு வருஷமாக அவன் சொன்னதையெல்லாம் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டு, ஒரு குறையும் சொல்லாமல் குடித்தனம் நடத்தினாள்.

பெயர் வந்து ஒன்பது வருஷம் ஆன அந்த வருஷம் ஊருக்கே பைத்தியம் பிடித்திருந்தது. நார்ப் தன் கடையில் ஒரு கரும்பலகை மாட்டி, ஒவ்வொரு வெள்ளியும் யார் யார் என்ன ஆரூடம் சொன்னார்கள் என்று எழுதினான். செஸ்டர் பெயருக்கு நேரே வாராவாரம் 'தோல்வி'. பதினாறு ஆட்டத்தில் பதின்மூன்று ஜெயித்தோம். தோற்ற மூன்று வாரமும் செட் சிரித்துக்கொண்டே சொன்னான், அதனால்தான் பலிக்கவில்லை என்று நார்ப் கண்டுபிடித்துச் சொன்னான். பிறகு அரையிறுதியில் எதிராளியை அடித்துத் துவைத்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு, அந்த சூப்பர் பவுலுக்கு, எங்கள் ஊர் போயிற்று. எதிரே நியூயார்க் அணி. ஊர் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அந்த அரையிறுதி முடிந்த மறுநாள்தான் டெல்ஃபினை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இருதயத்தில் ஒரு வால்வு ரொம்ப நாளாகவே சரியில்லை. இனி தள்ளிப்போட முடியாது, செவ்வாய்க்கிழமை மதியம் அறுவை என்று சொல்லிவிட்டார்கள்.

கூட்டிப்போகத் தள்ளுகட்டில் வந்து நின்றபோது அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"செட், கிட்ட வா. நான் பொழைச்சு வந்துடுவேனா?"

"நீயாவது வர்றதாவது" என்றான் செஸ்டர்.

சிரித்தாள். மற்ற நாளாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். அன்றைக்குக் கையை விடவில்லை.

"அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா நான்தானே திருப்பிப் போட்டுக்கறேன்? இன்னைக்கு எனக்குத் தெம்பு இல்லடா. நீயே திருப்பிச் சொல்லிடு."

"வெளையாடாத டெல். உன்னை வெச்சு நான் சூதாட மாட்டேன்."

"ஒரே ஒரு வார்த்தைடா. வருவேன்னு சொல்லு. கேட்டுட்டுப் போறேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தான். முதலில் தட்டுவதற்கு மரம் இருக்கிறதா என்று சுற்றிலும் தேடினான். கட்டில் இரும்பு, மேசை பிளாஸ்டிக், கதவுக்கு வெள்ளைச் சாயம். குனிந்து நாற்காலிக்கு அடியிலும் கைவிட்டுப் பார்த்தான். அந்த அறை முழுக்கத் துழாவினாலும் ஒரு சாண் வெறும் மரம் கிடையாது.

"வர மாட்டே. போதுமா?" என்றான்.

தள்ளிக்கொண்டு போக வந்த நர்சுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் சார், உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? ஆபரேஷனுக்குப் போற பொம்பளைகிட்ட பேசற பேச்சா இது?"

"விடும்மா, அது அப்படித்தான்" என்றாள் டெல்ஃபின். குரலில் சத்தமே இல்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டில் போய்விட்டது.

நாலரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். அவர் சொல்ல ஆரம்பித்த உடனேயே செஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அவள் அறுவை மேசையிலேயே போய்விட்டாள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான். சனிக்கிழமை பூசை முடிந்து, உறைந்துகிடந்த மண்ணை வெட்டி அடக்கம் செய்தார்கள். இத்தனையிலும் அவன் மண்டைக்குள் குடைந்தது ஒன்றே ஒன்றுதான். 'வர மாட்டே' என்று சொன்னேன், வரவில்லை. என் வாய்தான் அவளைக் கொன்றதா? யாரிடம் கேட்பது இதை? பாதிரியாரிடம் கேட்டால் அதெல்லாம் மூடநம்பிக்கை என்பார். அவருமே போன மாதம் நார்ப் கடைக்கு வந்து, "செட் சொல்லிட்டானா?" என்று விசாரித்தவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நார்ப் வந்தான். ஊரார் கொண்டுவந்து குவித்த சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே தானும் ஒரு பாத்திரம் நிறைய கொத்துக்கறி அடைத்த குடலும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் வைத்தான்.

"செட், நான் அதைக் கேக்க வரலை."

"அப்ப எதுக்கு வந்தே?"

நார்ப் தொப்பியைச் சுழற்றினான். "கேக்கத்தான் வந்தேன். நான் ஒரு மானங்கெட்டவன், என்ன வேணா திட்டிக்கோ. கடையில எல்லாரும் பலகையைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. உன் பேருக்கு நேரா காலியா கெடக்கு. வழக்கமா சொல்றதைச் சொல்லிடுடா, நான் போயிடறேன்."

செஸ்டருக்கு அப்போதுதான் தோன்றியது. இந்த வாய்க்கு நிஜமாகவே ஏதாவது சக்தி இருக்கிறதா? இன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். நேராகச் சொல்லிப் பார்ப்போம். சொன்னது சொன்னபடி நடந்துவிட்டால், செவ்வாய்க்கிழமை சொன்னதும் அப்படித்தான் நடந்தது, கொன்றது நான்தான். தோற்றுவிட்டால் என்ன அர்த்தம் என்பதை அவன் யோசிக்கவில்லை.

"எழுதிக்கோ. ஜெயிப்போம்" என்றான்.

"என்னது?"

"நாம ஜெயிப்போம்."

நார்ப் தொப்பென்று மண்டியிட்டு, சமையலறை மேசைக்கு அடியில் தலையை விட்டு டொக் டொக்கென்று தட்டினான். "பாவி, திருப்பி வாங்குடா! உன் கால்ல வேணா விழறேன்!"

"கால்லதான் கெடக்கறே. வாங்க மாட்டேன்."

"பொண்டாட்டி போன துக்கத்துல ஊரையே சேத்துப் பொதைக்கப் பாக்கறியேடா!" என்று கத்தியவன், கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எழுந்து, அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரத்தை ஏற்றினான். "சூடாக்கித் தின்னு. வெறும் வயித்தோட இருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் செஸ்டர் தானாகவே கடைக்கு நடந்தான். வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. இடம் விட்டு உட்காரவைத்தார்கள், தோளைத் தொட்டார்கள், ஒருவரும் ஆரூடம் பற்றி வாயைத் திறக்கவில்லை. நார்ப் யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்தது. பலகையில் அவன் பெயருக்கு நேரே காலியாகவே இருந்தது.

ஆட்டம் மேலும் கீழுமாகப் போயிற்று. எங்களவர்கள் முந்தினார்கள், நியூயார்க்காரர்கள் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு நேரத்தைத் தின்றார்கள், முந்தினார்கள். கடைசியில் இருபதுக்குப் பத்தொன்பது. ஒரே புள்ளி பின்னால். எட்டு வினாடி பாக்கி. பந்து எங்களிடம். எங்கள் ஆள் அதை உதைத்து, தூரத்தில் நிற்கும் இரண்டு கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் மூன்று புள்ளி, கோப்பை எங்களுக்கு. அனுப்பாவிட்டால் ஒன்றுமில்லை.

கடையில் இருந்த அத்தனை பேரும் கைகோத்துத் தரையில் மண்டியிட்டார்கள். செஸ்டரும் மண்டியிட்டான். அவனுக்கு வலதுகைப் பக்கம் இருந்தவன் ஜெபமாலையை உருட்டினான். செஸ்டரும் ஜெபித்தான். முப்பது வருஷமாக இந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன், கடவுளே, பந்து வெளியே போகட்டும் என்று ஜெபித்தான். உள்ளே போய்விட்டால் என் வாய் பலித்துவிடும். பலித்தால் நான் கொலைகாரன். வெளியே போகட்டும், வெளியே போகட்டும்.

பந்து எழும்பியது, உயரமாகத்தான் போயிற்று, தூரமும் போதும். வலது கம்பத்துக்கு வெளியே போய் விழுந்தது.

கடையே செத்துக் கிடந்தது. வயசான ஒருத்தர் மட்டும் ஐயோ, ஐயோ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செஸ்டர் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக முழு மூச்சு விட்டான். பலிக்கவில்லை. நான் கொல்லவில்லை. நெஞ்சிலிருந்து பாறை இறங்கியதுபோல இருந்தது. அடுத்த மூச்சு இழுக்கும்போதே அவன் முகம் மாறிவிட்டது.

நார்ப் கண் சிவக்க அவன் எதிரே வந்து நின்றான். "ஏன்டா சொன்னே? படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா! ஏன்டா நேரா சொன்னே?"

"அதுல ஒண்ணும் இல்ல நார்ப்" என்றான் செஸ்டர். "வர மாட்டேன்னு அவளைப் பாத்துச் சொன்னேன். வரலை. ஜெயிப்போம்னு உன்கிட்ட சொன்னேன். தோத்தோம். எதைச் சொன்னாலும் நடக்கறதுதான் நடக்குது. வெறும் காத்துடா இது. ஒம்போது வருஷமா வெறும் காத்து."

"என்னடா உளர்றே? எழுந்திரு."

செஸ்டர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே நார்ப்பின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நான் அவகிட்ட சொல்லியிருக்கலாமேடா. கையைப் பிடிச்சுக் கேட்டாளே. 'வருவே டெல், கண்டிப்பா வருவே'ன்னு ஒரு வார்த்தை. காசா, பணமா? சொல்லி அனுப்பியிருக்கலாமேடா நார்ப்!"