சாட்டியில் பட்டமான யூட் அண்ணை

சுவிஸில் இருந்து வரும் பைக்கு ஒரு மணம் உண்டு. சொக்கிலேட், சவர்க்காரம், சென்ட் எல்லாம் கலந்த மணம்... யூட் அண்ணையின் பெரிய பையைத் திறந்தபோது அது வரவில்லை. மழைக்கோட்டு மணம்தான் வந்தது.

சமாதான காலம். போர் நின்று யாழ்ப்பாணத்துக்கு ஏ9 பாதை திறந்த புதிது. நான் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். யூட் அண்ணை என் பெரியம்மாவின் ஒரே மகன். பெடியனாக வெளிநாடு போனவர், தலைமயிர் கொட்டித் திரும்பி வந்திருந்தார். எங்கள் தீவில், கரம்பொன் வீட்டு விறாந்தையில் சொந்தக்காரர் முழுப்பேரும் பையைச் சுற்றி இருந்தோம். உள்ளே துணி. இழுக்க இழுக்க நீலமும் மஞ்சளுமாகத் துணி.

"இவ்வளவு தூரத்தில இருந்து துணியே கொண்டு வந்தனீ?" என்று கேட்டார் பெரியம்மா.

"துணி இல்லையம்மா, செட்டை. பரகிளைடர். மலையில இருந்து இதில பறக்கிறது."

"ஆர் பறக்கிறது?"

"நான்தான்."

பெரியம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

அது போட்டிக்குப் பறப்பவர்களின் செட்டையாம். கயிறுகள் மீன் பிடிக்கிற தங்கூசி நூல் மாதிரி மெல்லிசு. மடிப்பதென்றால் ஆர்மோனியப் பெட்டியை மூடுவதுபோல ஒவ்வொரு மடிப்பாக, முன்பக்கத் தகடு நெளியாமல் மடிக்க வேண்டும். "வெயில் கூடாது. மணல் கூடாது. உப்புப் பட்டால் துலைஞ்சுது" என்றார். தீவில் நின்றுகொண்டு சொல்கிறார்... எங்களிடம் வேறு என்னதான் இருக்கிறது?

"பிறகேன் காவிக்கொண்டு வந்தனீர்?" என்று எங்கள் சம்மாட்டியார் கேட்டார். கரைவலைக்குச் சொந்தக்காரர், பெரியப்பாவின் கூட்டாளி.

"ஒருக்கால் ஊரை மேல இருந்து பார்க்க வேணும்."

"மேல இருந்து பார்க்கிறதுக்கு அந்தோனியார் இருக்கிறார். நீ கீழ நிண்டு பார்" என்றார் பெரியம்மா.

ஆனால் மனுசன் கேட்கவில்லை. சாட்டிக் கடற்கரைக்குப் போய் நேவியிடம் அனுமதி கேட்டார். அந்த அதிகாரி செட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"கயிறு இருக்கு, பட்டம். பட்டம் ஓகே. கயிறு இல்ல, பிளேன். பிளேன் ஏலாது."

ஆக, யூட் அண்ணை பட்டமானார். இடுப்பில் கயிறு. கழற்றுகிற கொளுவி இருந்தது, ஆனால் கழற்றினால் பிளேன் ஆகிவிடுவார். கயிற்றின் மற்ற நுனி சம்மாட்டியாரின் ஆட்களிடம். சோளகக் காற்று கடலில் இருந்து அடித்ததால் அவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். வாழ்நாள் முழுக்கக் கரையில் நின்று கடலில் இருந்து இழுத்தவர்கள், அன்று கடலில் நின்று கரையில் இருந்து ஒரு மனுசனை இழுக்க நின்றார்கள்.

"சும்மா பிடிச்சால் போதும். இழுக்க வேண்டாம்" என்று யூட் அண்ணை படித்துப் படித்துச் சொன்னார்.

செட்டை விரிந்தது. கால் கிளம்பியது. கயிறு விறைத்தது.

கரைவலைக்காரன் கையில் கயிறு விறைத்தால் மீன் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கை தன்பாட்டில் இழுக்கும். "ஏலேலோ" என்று ஒருவர் தொடங்க, எல்லோரும் இழுக்க, யூட் அண்ணை விர்ரென்று பனை உயரத்துக்குப் போனார்.

பெரியம்மா சீலையோடு கடலுக்குள் இறங்கிவிட்டார். "என்ர பிள்ளையை இறக்குங்கோடா" என்று தானும் கயிற்றைப் பிடித்தார். இறக்க நினைத்து இன்னும் இழுத்தார்கள். இழுக்க இழுக்க அவர் ஏறினார். பெரியம்மா மாதாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இழுத்தார். அவர் இன்னும் ஏறினார்.

மேலே இருந்து சத்தம் கேட்டது. "விடுங்கோ... கயிறை விடுங்கோ..."

பட்டத்தை இழுத்தால் ஏறத்தானே செய்யும் என்று சம்மாட்டியாருக்கு விளங்கிவிட்டது. ஆட்களை விடச் சொன்னார். எல்லோரும் விட்டார்கள், பெரியம்மாவைத் தவிர. கால் மணலில் இழுபட இழுபடத் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, விட்டால்தான் இறங்குவார்" என்றார் சம்மாட்டியார்.

"விடமாட்டன். ஒருக்கால் விட்டுத்தானே இவ்வளவு வருசம் காணேல்லை."

பிறகு பெரியம்மா என்ன நினைத்தாரோ, கண்ணை மூடிக்கொண்டு கையை விரித்தார்.

யூட் அண்ணை காற்றில் ஒருமுறை ஆடி, மெல்ல இறங்கி, பெரியம்மாவுக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றார். பின்னால் செட்டை முழுக்கக் கடலில் விழுந்தது. பெரியம்மா அவர் முதுகில் ஒன்று போட்டார்.

"என்னடா தெரிஞ்சது மேல இருந்து?"

"உங்கட வாய்தான் அம்மா தெரிஞ்சது."

உப்புப் போக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். எங்கள் கிணறோ சவர், அதுவும் உப்புத் தண்ணீர்தான். குடிக்கவும் தேத்தண்ணிக்கும் என்று பவுசர் லொறியில் வந்து பிடித்து வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் பெரியம்மாவே செட்டையில் ஊற்றினார். வெயில் படாமல் காய வேண்டுமென்று வீட்டுக்குள் அலுமாரிக்கும் கதிரைக்கும் மேலே விரித்தோம். அது காயும்வரை சமைக்கக் குசினிக்குத் தவழ்ந்துதான் போனோம்.

அவர் திரும்பிப் போகும்போது பையைக் கட்டியதும் பெரியம்மாதான். வெளிநாடு போகிற பையில் இடம் மிஞ்சினால் எங்கள் ஆட்களுக்கு நித்திரை வராது. மடிப்புக்கு மடிப்பு ஒடியல் மா, சுறாக் கருவாடு... சுவிஸில் மலை உச்சியில் செட்டையை விரித்தபோது பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் எல்லோரும் தள்ளிப் போய் நின்றார்களாம்.

இப்போது எல்லாம் லேசு. கையில் போன், அதில் முகம். யூட் அண்ணை மலை ஏறினால் பறக்கமுதல் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுப்பார். "விட்டிட்டன் மோனை, கவனம்" என்று பெரியம்மா சொன்ன பிறகுதான் கால் எடுப்பார். சொல்லாவிட்டால் செட்டையை மடிப்பு மடிப்பாகத் திரும்பக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து இறங்குவார். அப்படி ஒரு ஒப்பந்தம்.

போன ஞாயிற்றுக்கிழமையும் நடந்துதான் இறங்கினாராம். இந்த வருசமும் கோயில் திருநாளுக்கு ஊருக்கு வரேல்லை என்று பெரியம்மா கயிற்றை விடவில்லை.