சுண்டெலி நாடிவந்த கை

2005ஆம் ஆண்டு கோடைக்காலம். முனைவர் பட்டத்திற்காகப் புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உழைத்துக்கொண்டிருந்தேன். ஊர் மரக்காணம், எங்களுக்கென்று சிறியதோர் உப்பளம் உண்டு. வாரந்தோறும் ஊருக்குப் போய், திங்கள் விடியலில் அப்பாவுடன் உப்பு வாரிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு பேருந்தைப் பிடிப்பேன்.

ஒன்றை விரும்பி நாடவைப்பதில், மூளையில் சுரக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருளுக்குப் பெரும்பங்குண்டு. அதை ஏற்கும் ஏற்பிகளுள் ஒருவகை இல்லாதவாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகள் எங்களிடம் இருந்தன. கூண்டுக்குள் கையை வைத்தால் எலி எவ்வளவு நேரத்தில் நெருங்குகிறது என்று குறிப்பது என் வேலை. திங்களன்று மரபணு மாற்றப்பட்டவற்றின் முறை, வியாழனன்று இயல்பானவற்றின் முறை. மந்தமாக இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்த எலிகளே விரைந்து வந்தன. வாரக்கணக்கில் இதே கதை. புதியதொன்றைக் கண்டுவிட்டதாகப் பூரித்துப்போனேன். கட்டுரையும் ஆயத்தம், மறுநாள் நெறியாளர் அதை இதழுக்கு அனுப்பவிருந்தார்.

அன்றும் திங்கட்கிழமை. கூண்டுகளில் மரத்தூள் மாற்றும் கிளியனூர்ப் பெண் அருகில் நின்றாள். ஏறத்தாழ என் வயதுதான்.

"பார்த்தியா, எப்படி ஓடி வருதுன்னு" என்றேன்.

"உங்ககிட்ட எங்க வருதுக்கா? கயித்தை நக்குது. எங்க வூட்டு ஆடுங்களும் இப்படித்தான். உப்புன்னா போதும், கட்டின கயித்தையே தின்னுடும்."

குனிந்து பார்த்தேன். கையுறைக்கு மேலே, அம்மா கோயிலில் கட்டிவிட்ட கயிற்றில், காலையில் கழுவியும் போகாத உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது. வியாழனுக்குள் விடுதிக் குளியலில் அது கரைந்துபோயிருக்கும். கயிற்றை அவிழ்த்துவிட்டு, மணிக்கட்டைத் தேய்த்துக் கழுவி, அடுத்த கூண்டில் கையை வைத்தேன். எலி திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே.

அவள் வேலையைத் தொடர்ந்தாள். நான் வாய்திறக்காமல் இருந்திருந்தால் கட்டுரை அச்சேறியிருக்கும். நண்பகல்வரை தயங்கிவிட்டு, கயிற்றை எடுத்துப்போய் நெறியாளரிடம் சொன்னேன்.

அவர் கயிற்றை வாங்கிப் பார்த்தார். "கட்டுரை போனா போவுதும்மா. உப்பு போட்டவ யாருன்னு அந்த எலிங்களுக்காவது தெரியுது" என்று சொல்லிச் சிரித்தார்.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். இருவகை எலிகளும் ஒரே நாளில், வெறும் மணிக்கட்டுடன். மாற்றப்பட்டவை மந்தமாகவே இருந்தன. யாரையும் வியக்கவைக்காத அந்த முடிவைக் கொண்டே பட்டம் பெற்றேன், மனநிறைவுக்குக் குறைவில்லை. இன்றும் என் ஆய்வுமுடிவு ஏதேனும் எனக்கே மிகவும் இனித்தால், அதனால் ஆதாயமில்லாத ஒருவரை அழைத்துக் காட்டாமல் அதை எழுதுவதில்லை.