வண்டி குடித்த தண்ணீர்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதைச் சொன்ன மனிதருக்குக் கதை கட்டத் தெரியாது. கல்யாண வீட்டில்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். என்னிடம் சொல்லும்போது மூன்று இடத்தில் நிறுத்தினார். மூன்று தடவையும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பேய் என்றதும் நடுராத்திரி, இருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இது பட்டப்பகல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொன்று நாற்பதுக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிந்தது. வெளியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அவரை எல்லாரும் ஈயக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டை விழுந்த ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைப்பது அவருக்கு முப்பது வருஷத் தொழில். அவரோடு வேலை பார்ப்பவன் அவர் மச்சினன், மனைவியின் தம்பி. இன்ஜின் வேலை அவன் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே ஷெட்டில்தான் காலை முதல் மாலை வரை இருப்பார்கள். ஆனால் பேச்சு குறைந்துபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

எட்டு மாதம் முன்னால் ஈயக்காரரின் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வாய்ங்க... ஒரே ஒரு வாய்..."

இவர் பஞ்சை நனைத்து உதட்டில் தடவினார். அவள் பஞ்சைச் சப்பப் பார்த்தாள். இவர் பிடுங்கிக்கொண்டார். பிழைக்க வேண்டுமே என்ற பயம். நாலரை மணிக்கு அவள் கேட்பதை நிறுத்தினாள். ஆறு மணிக்குப் போய்விட்டாள்.

வேலையாக வெளியூர் போயிருந்த மச்சினன் ஏழு மணிக்குத்தான் வந்து சேர்ந்தான்.

"அக்கா கடைசியா என்ன சொல்லுச்சு மாமா?"

இவர் மறைக்காமல் சொன்னார். அவன் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"குடுத்திருக்கலாம்" என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. ஸ்பானர் எங்கே, போல்ட் எங்கே என்று கேட்டுக்கொள்வதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் லாரி வந்தது.

கொண்டுவந்தவர் ஓர் அச்சக முதலாளி. பழைய வண்டி என்றால் உயிரை விடுவார். ராணுவம் கழித்துக்கட்டிய லாரி ஒன்றை ஏலத்தில் பிடித்திருந்தார். அறுபது வருஷப் பழசு. பச்சை வண்ணம் உரிந்து, அடியில் இன்னொரு பச்சை தெரிந்தது. பின்பக்கம் மரப்பலகைத் தளம், மேலே தார்ப்பாய். முன்னால் ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடம் காலியாக, வாய் பிளந்து கிடந்தது.

"அசல் கிடைக்காது. நான் தேடாத இடம் இல்ல. எதையாவது வெச்சு ஓட வெச்சிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

ஈயக்காரர் பழைய இரும்புக் கடையெல்லாம் அலசி, ஒரு பஸ்ஸின் ரேடியேட்டரைப் பிடித்துவந்தார். நல்ல பித்தளை. ஆனால் அகலம் இரண்டு அங்குலம் கூட. மேல் குழாய் வலது பக்கம் இருந்தது, இன்ஜினுக்கோ இடது பக்கம் வேண்டும். மாட்டிப் பார்த்தால் ஃபேன் இறக்கை வந்து இடித்தது.

"கிழவனுக்கு அடுத்தவன் பல்செட்டை மாட்டுற மாதிரி இருக்கு" என்றான் மச்சினன்.

எட்டு மாதத்தில் அவன் அடித்த முதல் ஜோக். ஈயக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு இரண்டு பேரும் ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பத்து நாள் வேலை. குழாய் வாயை அறுத்து இடது பக்கம் மாற்றி ஈயம் வைத்தார். புது இரும்புப் பட்டை அடித்து, ரப்பர் மெத்தை வைத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளி மாட்டினார். மாட்டுவதற்கு முன் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிக் காற்று ஏற்றிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. இதை அவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஒரு குமிழிகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பதினொன்று நாற்பது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார்கள். கழுத்துவரை நிறைய இருபத்திரண்டு லிட்டர் பிடித்தது.

பன்னிரண்டு ஐந்து. மூடியைத் திறந்தால், தண்ணீர் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

இன்ஜினை இன்னும் ஸ்டார்ட் பண்ணவே இல்லை. மச்சினன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். தரை காய்ந்து கிடந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை.

"உள்ள காத்து நின்னிருக்கும் மாமா."

மூன்று லிட்டர் ஊற்றினார்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு மறுபடி பார்த்தார்கள். மறுபடி ஒரு சாண்.

மச்சினன் தலையைச் சொறிந்தான். "எதுக்கும் குழாயை இறுக்குற கிளிப்பை எல்லாம் மாத்திடுவோம். பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு கடை திறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

ஈயக்காரர் தனியாக இருந்தார். மறுபடி நிரப்பினார். ஸ்டூலில் ஏறி, ரேடியேட்டரின் வாயிலேயே காதை வைத்தார். கசிவு இருந்தால் சன்னமாகச் சத்தம் கேட்கும்.

ஒன்று பத்து.

களக்...

களக்... களக்...

கசிகிற சத்தம் இல்லை. அதை அவர் முப்பது வருஷமாகக் கேட்டவர். இது வேறு. தாகத்தில் ஒருவர் தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் வருமே, அந்தச் சத்தம்.

ஸ்டூலை விட்டு இறங்கினார். அப்போது வண்டியின் பின்பக்கத்திலிருந்து...

டொக்... டொக்... டொக்...

டிரைவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் உள்ள தகரத்தை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போய்த் தார்ப்பாயை விலக்கினார். யாரும் இல்லை. பலகையில் விரற்கடை தடிப்புக்குப் புழுதி. வண்டி வந்த நாளிலிருந்து யாரும் அதில் ஏறவில்லை. ஒரு காலடித் தடம்கூடக் கிடையாது.

ஆனால் ஈரம் இருந்தது.

உள்ளங்கை அளவு ஈரம். அதற்கு இரண்டடி தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நாலு வரிசையாக இருந்தன. ஐந்தாவது மட்டும் ஒதுங்கி, ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில். சுற்றிலும் புழுதி அப்படியே காய்ந்து கிடந்தது. தார்ப்பாயில் ஓட்டை இல்லை. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

கையை நீட்டி ஐந்தாவதைத் தொட்டார். சில்லென்று இருந்தது. விரலை மோந்து பார்த்தார். ஈயம் வைக்கும்போது தடவுகிற திராவகத்தின் வாடை.

ரேடியேட்டர் தண்ணீர்.

மனிதர் படுத்திருந்தால் தலை இருக்குமே... ஈரம் இருந்ததெல்லாம் அந்த இடத்தில்.

ஷெட் வாசலுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் சத்தம் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏனோ தோன்றியது. இரண்டு இருபதுக்கு ஸ்டார்ட் பண்ணினார். உடனே பிடித்துக்கொண்டது. சூடு காட்டுகிற முள் விறுவிறுவென்று ஏறியது. இன்ஜின் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதோ கேட்டது.

அணைத்தார்.

டொக்... டொக்...

"தண்ணி..."

சின்ன வயசு ஆண் குரல். முதுகுக்குப் பின்னால், தகரத்துக்கு அந்தப் பக்கம்.

"அண்ணே... தண்ணி..."

ஓடியிருக்கலாம். ஷெட் கதவு திறந்துதான் இருந்தது. சாலையில் ஆள் நடமாட்டம் இருந்தது. அவர் ஓடவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். பயத்தில் இல்லை. "கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொல்ற தெம்பு எங்கிட்ட இல்ல தம்பி" என்றார் என்னிடம். இங்கேதான் முதல் தடவை எழுந்து போனார்.

இரண்டு நாற்பது. குடிதண்ணீர்க் குடத்தையும் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் ஏறினார்.

முதல் ஈரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். படுத்திருப்பவர் வாய்க்கு எட்டுகிற மாதிரி டம்ளரைத் தாழ்த்திப் பிடித்தார்.

டம்ளர் கனம் குறைந்தது.

ஒரு சொட்டு சிந்தவில்லை. தண்ணீர் மட்டும் இறங்கியது. காலி.

இரண்டாவது. காலி.

மூன்றாவது... நாலாவது...

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

ஐந்தாவது இடம். டம்ளரை நீட்டினார்.

மணிக்கட்டில் சில்லென்று ஏதோ பட்டது.

விரல்கள்.

அழுத்தவில்லை. குடிக்கிறவர் டம்ளரோடு சேர்த்து நம் கையைப் பிடிப்பாரே... அப்படி.

மெதுவாக...

மெதுவாக...

டம்ளர் காலியானது. விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு இல்லை.

"மாமா... இறங்குங்க."

தார்ப்பாய்க்கு வெளியே மச்சினன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. வாங்கிவந்த கிளிப்பெல்லாம் காலடியில் சிதறியிருந்தன. அவர் இறங்கக் கை கொடுத்தான். கொடுத்த கையை உடனே விடவில்லை.

மூன்று மணிக்கு ரேடியேட்டரை நிரப்பினார்கள். பிறகு அது குறையவே இல்லை. ஒரு மணி நேரம் இன்ஜின் ஓடியது. முள் பாதியைத் தாண்டவில்லை. முதலாளி வந்து, ஓட்டிப் பார்த்து, குழந்தை மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

மூன்று வாரம் கழித்து அவரே திரும்பி வந்தார். கதவில் சுரண்டிப் பார்த்தபோது பழைய எண் ஒன்று கிடைத்ததாம். அதை வைத்து விசாரித்து, யுத்தத்தில் அந்த வண்டியை ஓட்டிய டிரைவரையே கண்டுபிடித்துவிட்டார். எண்பத்துநாலு வயசு. மகள் வீட்டில் இருந்தார். "வண்டி ஓடுதுன்னு சொன்னேன். ஓட வெச்சவங்களைப் பார்க்கணுமாம்" என்றார்.

மச்சினனும் ஈயக்காரரும் பஸ் ஏறிப் போனார்கள்.

கிழவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் அந்தப் பக்கம் போனதும் கேட்டார்.

"ரேடியேட்டர் எப்படி? ஒழுகலயே?"

"இல்லீங்க ஐயா."

"எனக்கு ஒழுகிச்சு. குண்டுச் சில்லு பட்டு ஓட்டை. பின்னாடி அடிபட்ட பசங்க. வழியெல்லாம் பொட்டல். ரெண்டு கேன் தண்ணி இருந்துச்சு. ரேடியேட்டருக்கு ஊத்தினா வண்டி ஓடும். குடுத்தா அவங்க குடிப்பாங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வண்டி போய்ச் சேர்ந்தாத்தானே பொழைப்பாங்கன்னு நெனச்சேன். பூராத்தையும் வண்டிக்கே ஊத்திட்டேன். பின்னால தகரத்தைத் தட்டிக்கிட்டே வந்தாங்க. அண்ணே, தண்ணின்னு. நான் திரும்பல. ஒரு இடத்துல தட்டுறது நின்னுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்து தொறந்து பார்த்தா... ஒருத்தர்கூட உயிரோட இல்ல."

ஈயக்காரர் எழுந்து போய்க் கிழவர் காலடியில் உட்கார்ந்தார்.

"குடிச்சிட்டாங்க ஐயா" என்றார். "என் கையால குடுத்தேன். எல்லாரும் குடிச்சிட்டாங்க."

கிழவர் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. இவர் கையை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார். கை நனைந்தது.

கிளம்பும்போது ஈயக்காரர் சும்மாதான் சொன்னார். "அஞ்சு பேரும் சின்னப் பசங்களா ஐயா?"

கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சா? நாலு பேர்தான். எனக்கு மறக்குமா... நாலே நாலு பேர்."

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமே இல்லை. பாதி வழிவரை மச்சினன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு, திரும்பாமலே சொன்னான்.

"அன்னிக்கு நான் ரெண்டே முக்காலுக்கே வந்துட்டேன் மாமா. தார்ப்பாய்க்கு வெளியதான் நின்னேன். நீங்க கடைசி டம்ளர் குடுக்கும்போது உள்ள ஒரு குரல் கேட்டுச்சு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"எனக்குக் கேட்டுச்சு. பொம்பளைக் குரல்."

"என்ன சொல்லுச்சு?"

இப்போதுதான் அவன் இவர் பக்கம் திரும்பினான்.

"'போதுங்க'ன்னுச்சு மாமா."