அளவு எழுதாத பறவை

அத்தானின் அந்தத் தகர மருந்து டப்பாவின் மூடியில் ஒரு மாடு, ஓர் ஆடு, ஒரு சேவல். ஒவ்வொன்றின் கீழும் வயிற்றுப்பூச்சிக்கு எத்தனை கரண்டி மருந்துத் தூள் என்று அச்சடித்திருக்கும். மெர்போக் இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தக் கூவும் புறாவை மருந்து செய்தவர்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு அது. நான் மலாக்காவில், காஜா பெராங்கில் அக்கா வீட்டில் தங்கி, ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துவந்தேன். அத்தான் மிருக ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர். பக்கத்து வீட்டில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டிச் சமூகத்து அம்மாள் ஒருவர். சாமி பெயர்கள் தமிழில், பேச்செல்லாம் மலாயில். கணவர் போனபின் அவர் வளர்த்த மெர்போக்தான் அந்த வீட்டின் ஒரே பேச்சுத்துணை. விடிந்ததும் கூண்டைக் கம்பத்தில் ஏற்றுவார், அது கூவும், பிறகுதான் அடுப்பு மூட்டுவார். அந்த ஆண்டு மழை நாட்களில் அது கூவுவதை நிறுத்தியது. தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

அத்தான் பறவையைப் புரட்டி நெஞ்செலும்பைத் தடவினார். கத்திமுனைபோல் துருத்திக்கொண்டிருந்தது. எச்சத்தில் வெள்ளை நூலிழைகளாகப் புழுக்கள்.

"மாத்தி கா, பாங்?" சாகுமா அண்ணே என்று கேட்டார் அந்த அம்மாள்.

"தாக் தாவ்." தெரியாது என்று அத்தான் அப்படியே சொல்லிவிட்டார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எருமைக்கே மருந்து ஊத்துறீங்க. இதுக்கு அந்தத் தூள்ல ஒரு சிட்டிகை போட்டா என்னவாம்?"

"யாரு விரலுக்குச் சிட்டிகை? கூடிப்போனா கழுத்து சாஞ்சிடும்டி. பப்பாளி விதை அரைச்சுத் தரேன்."

"அதுக்கு மட்டும் அளவு எழுதியிருக்கா?"

"இல்லதான். ஆனா காரம் மிஞ்சினா துப்பிடும். தூளைத் தண்ணியில கலந்தா துப்பத் தெரியாம குடிச்சிடும்."

விதை வேலை செய்யாவிட்டால் பறவை நமக்காகக் காத்திருக்காது என்பதையும் அத்தான் அந்த அம்மாளிடம் மலாயில் சொன்னார். அவர் கூண்டின் கம்பிகளைப் பிடித்தபடி, சரி என்று தலையசைத்தார்.

விதையை நசுக்கி, ஊறிய அரிசிமாவில் கடுகளவாக உருட்டி ஊட்டினார் அத்தான். கூண்டுத் தட்டை வெந்நீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவைத்தார். அன்றாடம் காக்கிச் சட்டையோடு குந்தி எச்சத்தை ஆராய்ந்தார். "பொண்ணு பார்க்க வந்தப்பகூட என்னை இப்படி உத்துப் பார்க்கல," என்றாள் அக்கா.

இன்று மலாக்கா கடைகளில் பறவைக்கு மூலிகைப் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. இயற்கையானது, ஆபத்தே இல்லை என்கிறது ஒவ்வொன்றும். எடுத்துத் திருப்பிப் பார்ப்பேன். இத்தனை உறுதி அத்தானுக்கு வாய்த்ததில்லை. இலையோ தூளோ, வாயில்லாத ஓர் உயிருக்காக நாம் முடிவெடுக்கிறோம் என்பதே அவரைத் தின்றது. அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நூலிழைகள் குறைந்தன. குரல் மட்டும் வரவில்லை. கூண்டு காலைதோறும் ஏறியது. பக்கத்து வீட்டு அடுப்பு புகையவில்லை.

பிறகு ஒரு காலை, அத்தான் சட்டைப் பொத்தானில் கை வைத்திருக்கையில், கரகரப்பாக, பாதியில் அறுந்து, ஒரு கூவல்.

"பூஞி, பாங்! பூஞி!" கூவிவிட்டது என்று வேலிக்கு அப்பாலிருந்து கத்தினார் அந்த அம்மாள்.

"விதை டாக்டரே, கூப்பிடுறாங்க, போங்க," என்றாள் அக்கா.

அத்தான் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இரு. இன்னொரு தரம் கூவட்டும்."

எங்கள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அக்காகூட நகரவில்லை.