ஹில்டாவின் ஆயிரத்து இருநூற்று அறுபது

நான்கில் ஒரு பங்கைக் குறிக்கும் 'குவார்ட்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம்மவரிடையே எந்தப் பொருள் முந்துகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஷ்ராப்ஷயரில் எங்கள் தெருமுனையில் மிட்டாய்க்கடை நடத்திய திருமதி ஹில்டா பிரீஸுக்கோ, வாழ்வே அச்சொல்லைச் சுற்றி அமைந்தது. கால் பவுண்டு எலுமிச்சை மிட்டாய் ஒரு குவார்ட்டர். கடை வாடகைக்குரிய மூன்று மாதம் ஒரு குவார்ட்டர். போரில் சரணடைந்தவனுக்கு அளிக்கும் உயிர்ப்பிச்சையும் அதுவே. அதை மட்டும் தேவாலய மணிக்குழுவின் தலைவர் நார்மன் கிட்லி எவருக்கும் அளித்ததில்லை.

ஹில்டாவுக்கு எட்டாத குவார்ட்டர் ஒன்று மணிக்கூண்டில் இருந்தது: ஐயாயிரத்து நாற்பது சுற்று கொண்ட முழு மணியடிப்பில் கால் பங்கு. ஆறு பேர் ஆறு கயிறுகளைப் பிடித்து, மணிகளின் வரிசையைச் சுற்றுக்குச் சுற்று மாற்றி, நிறுத்தாமல் ஆயிரத்து இருநூற்று அறுபது சுற்று அடிக்க வேண்டும். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். தாளைப் பார்த்து அடிக்கும் வழக்கமில்லை, எல்லாம் மனப்பாடம். ஹில்டாவிடம் இருந்தது முதல் மணி. ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக ஒலிக்கும் பெரிய மணி என்னுடையது.

நான்கு முறை முயன்றோம். நான்கிலும் அரை மணி கடந்ததும் ஹில்டாவின் கண் சுவர்க்கடிகாரத்துக்குப் போகும்; கை தடுமாறும்; நார்மன் "நிறுத்து" என்பார்.

1987 செப்டம்பரில் மணிகளைப் பழுதுபார்க்க இறக்குவதென முடிவாயிற்று. திரும்பிவர ஓராண்டு ஆகும். ஹில்டாவுக்கு அப்போது எழுபத்தொன்று, தோள்மூட்டு தேய்ந்திருந்தது. இறக்குவதற்கு முந்தைய ஞாயிறு மாலை அவர் படியேறி வந்ததும் சொன்னார்:

"நார்மன், உன் கோட்டைக் கழட்டி அந்தக் கடிகாரத்து மேல மாட்டு."

"எதுக்கும்மா?"

"அதைப் பாத்தாத்தான் எனக்கு வரிசை தப்புது. இன்னிக்கு விட்டா இந்தத் தோளுக்கு அடுத்த வருஷம் கிடையாது."

"எனக்குக் குளிருமே."

"கயிறு இழு, குளிராது."

கடிகாரம் மறைந்தது. தொடங்கினோம். ஹில்டா கயிறுகளை மட்டும் பார்த்து அடித்தார். ஓசை சீராக ஓடியது. அரை மணி கடந்திருக்கும் என்று நான் கணித்த வேளையில், வேறொருவர் அடிக்கடி அந்தக் கோட்டைப் பார்ப்பதைக் கண்டேன். அவர் நார்மன். இத்தனை ஆண்டும் அவரும் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கணித்துக் குழுவை நடத்தியிருக்கிறார். அவருடைய மணி முந்தியது, பிறகு பிந்தியது, வேறு இருவரின் மணியோசை அவருடைய ஓசையோடு மோதியது. நிறுத்தச் சொல்ல வேண்டியவரே வழிதவறி நின்றார்.

இடம் மாறும் ஐந்து மணிகளில் முதல் மணியின் பாதை மட்டும் எப்போதும் ஒரே சீரானது. முன்னிருந்து பின்னுக்கும், பின்னிருந்து முன்னுக்கும் அது போய்வரும்; ஏனையோர் அதைக் கொண்டே தம் இடத்தை அறிவர். ஹில்டா தம் கயிற்றை ஒரு கணமும் பிந்தவிடாமல், மிட்டாய் நிறுக்கும் அதே குரலில் கூறினார்:

"என்னைப் பாரு, நார்மன். இந்தச் சுற்றுல நான்தான் முன்னாடி. இப்ப நீ எனக்குப் பின்னாடி விழு. ஆங், இப்பதான் சரி."

நார்மனின் மணி அவருக்குப் பின்னால் விழுந்தது. மற்ற இருவரும் தம் இடத்தைப் பிடித்தனர். மேலும் கால் மணி நேரத்தில் ஆயிரத்து இருநூற்று அறுபது சுற்றும் முடிந்து, வரிசை மீண்டும் தொடக்கத்தைப் போல் ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராயிற்று. நார்மன் "அவ்வளவுதான்" என்றார். ஹில்டா கயிற்றைக் கட்டிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டே பெஞ்சில் அமர்ந்தார்.

"வழி தப்பிட்டியா?" என்றார்.

"தப்பல. கொஞ்சம் யோசிச்சேன்."

"நல்லா சத்தமா யோசிச்சே. ஊருக்கே கேட்டிருக்கும்."

பதிவேட்டில் ஆறு பெயர்களையும் எழுதி, ஹில்டாவுக்கு இது முதல் வெற்றி என்று குறித்தார் நார்மன். நடத்தியவர் பெயரைக் கேட்கும் கட்டம் வந்ததும் பேனா நின்றது. நாங்கள் ஐவரும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். நெடுநேரம் கழித்துத் தம் பெயரையே எழுதினார். ஹில்டா சிரித்தார். ஆனால் அன்று மதுக்கடையில் ஆறு பேருக்கும் வாங்கிக் கொடுத்தவர் நார்மன். என் முப்பதாண்டுப் பழக்கத்தில் அப்படியொரு காட்சியைக் கண்டது அந்த ஒருமுறைதான்.